குட்டைக்கு இறங்கி வரும் சாமி

கரட்டுப்பாளையம்
2.9.2024

அம்மணி மோகனப்பிரியாவுக்கு,

உன் தாய்மாமன், செங்கரட்டு முருகனின் அந்தரங்கக் காரியதரிசி, பல்லடம் வட்டாரக் கோழித்தீவன வியாபாரத்திலிருந்து முடிதுறந்த சக்கரவர்த்தி திருமலைசாமி ஆசீர்வதித்து எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன். நீ நம்பமாட்டாய். மாப்பிள்ளை சரவணன் மரியாதைக்குத் தலையாட்டுவார், நம்பமாட்டார். எழுதுகிற எனக்கே அங்கங்கே சந்தேகம் இருக்கிறது.

உன் கடிதம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு அப்புறம் உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். "அம்மா வேண்டிக்கொண்டபடி அக்ஷயாவுக்குச் செங்கரட்டுச் சிலையடியில் காது குத்த வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. மாமன் மடிக்கு நீங்கள்தான். வருவீர்களா, மாட்டீர்களா?" அவ்வளவுதான். அந்தக் காலத்தில் தந்தி கொடுத்தவன்கூட இதைவிடத் தாராளமாக எழுதுவான். அம்மா இறந்த அன்று, இனி ஜென்மத்துக்கும் என்னோடு பேசமாட்டேன் என்று சொன்னாய். பேசமாட்டேன் என்றுதான் சொன்னாய், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. வாத்தியாரம்மா அல்லவா, சட்டத்தில் சந்து பார்த்து வைத்திருக்கிறாய். நானும் போனைத் தொடவில்லை. வாக்குத் தவறாத வம்சம் நாம்.

பதில் சொல்கிறேன், அவசரப்படாதே. குழந்தை யார் காலடியில் உட்காரப்போகிறாள் என்று முதலில் தெரிய வேண்டாமா?

நீ பிறப்பதற்கு முன்பு செங்கரட்டின் உச்சியில் ஒரு கல்வேல் மட்டும்தான் நின்றது. அதற்கு ஆடு மேய்ப்பவர்கள்தான் பக்தர்கள். ஒரு சித்திரையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். சாமிக்குப் பெரிய சிலை வைக்க வேண்டும், பல்லடம் ரோட்டில் பஸ்ஸில் போகிறவன் கண்ணில் பட்டால் போதும் என்றார்கள் தறிக்காரர்கள். நான் எழுந்து நின்றேன்.

"பஸ்ஸுல போறவன் எதுக்குங்க? ஏரோப்ளேன்ல போறவன் குனிஞ்சு கும்புடோணுமுங்க."

அதன்படியே ஆயிற்று. கம்பி கட்ட வந்தவர் பல்லடத்து யாகூப். இரும்பிலேயே பிறந்து இரும்பையே தின்று வளர்ந்த மனுஷன். அவர் வெல்டிங் பற்றவைத்தால் தாராபுரம் வரை மின்விளக்கு மங்கும். சாமியின் நெஞ்சுக்கூட்டைக் கட்டி முடித்ததும், அதற்குள் வெயில் படவில்லை என்று அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போட்டார். எழுந்து வருவதற்குள் கொத்தனார்கள் கழுத்து வரை பூசிவிட்டார்கள். ஆளைக் காது வழியாகத்தான் வெளியே எடுத்தோம். டிபன் கேரியர் உள்ளேயே மாட்டிக்கொண்டது. இன்றைக்கும் பலமாகக் காற்றடித்தால் சாமி வயிற்றில் நாலு அடுக்கும் உருளும் சத்தம் கேட்கும். பக்தர்கள் மணியோசை என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

சிலை எழுந்த பிறகு வேறொரு சங்கடம். அதன் நிழல் மேற்கே கோழிப்பண்ணைகளின் மேல் விழுந்தது. விடியற்காலையிலேயே அந்தி வந்துவிட்டது என்று கோழிகளெல்லாம் மறுபடி தூங்கிவிட்டன. எத்தனை வண்டித் தீவனம் நஷ்டம் என்று தீவன வியாபாரியான என்னைக் கேள். கடைசியில் சாமியிடமே முறையிட்டோம். அதன் பிறகுதான் நிழலைக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டது.

மீதி அடுத்ததில். அக்ஷயாவுக்கு என் முத்தம். மலையில் குளிர் ஜாஸ்தி, காதை மூடி வை, குத்துவதற்கு வேண்டும்.

மாமன்
திருமலைசாமி


வால்பாறை
14.9.2024

மாமாவுக்கு,

நான் கேட்டது ஒரு கேள்வி. நீங்கள் எழுதியது நாலு பக்கம். அதில் பதில் மட்டும் இல்லை.

கடிதத்தை இவர் சத்தமாகப் படித்துப் படித்துச் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அக்ஷயா இப்போது தினமும், கோழி எழுந்துவிட்டதா என்று கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

எனக்கும் சிலை ஞாபகம் இருக்கிறது. பெருந்துறையிலிருந்து உங்கள் ஊருக்கு வரும்போது பல்லடம் தாண்டியதும் அம்மா என்னை ஜன்னல் பக்கம் மாற்றி உட்கார வைப்பாள். ஒரு வளைவில் முதலில் வேலின் முனை தெரியும். யார் முதலில் பார்க்கிறார்கள் என்று எங்களுக்குள் போட்டி. எப்போதும் நான்தான் ஜெயிப்பேன். அம்மா வேண்டுமென்றே மெதுவாகப் பார்த்தாள் என்பது அக்ஷயா பிறந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அக்ஷயா பிறந்த அன்றே அம்மா வேண்டிக்கொண்டாள். அதை நிறைவேற்றாமலே போய்விட்டாள். கார்த்திகை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் வைத்திருக்கிறோம். பேத்தி அவளுடைய பிறந்த வீட்டு மனுஷரின் மடியில் உட்கார வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. என்னுடையது இல்லை.

வருவீர்களா, மாட்டீர்களா?

மோகனப்பிரியா


கரட்டுப்பாளையம்
25.9.2024

அன்புள்ள அம்மணி,

கோழிகள் எழுந்துவிட்டன என்று குழந்தையிடம் சொல். இரண்டு மட்டும் வயதானவை, அவற்றை எழுப்ப மனசு வரவில்லை.

உன் அம்மா மெதுவாகப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். அக்கா எதையும் மெதுவாகப் பார்த்தவளே கிடையாது. நான் தோட்டத்தில் ஒளித்து வைத்த பீடியை வீட்டிலிருந்தே பார்த்தவள். அப்படியானால் உனக்காகத்தான் செய்திருக்கிறாள்.

இப்போது கதையின் இரண்டாம் காண்டம். சிலைக்குச் சிமெண்டு வந்தது, மணல் வந்தது, தண்ணீர் வரவில்லை. அந்த வருஷம் கிணறுகளில் தவளைகளே மண்வெட்டி எடுத்துத் தோண்டிக்கொண்டிருந்தன. கரட்டடியில் இருக்கிற குட்டையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதை உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். மோட்டார் வைத்தோம், மேலே பார்த்துவிட்டு அது பயந்து நின்றுவிட்டது. ஊரே கீழிருந்து உச்சி வரை வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவது என்று முடிவாயிற்று.

ஊரே என்றால் ஊர் மட்டும் போதவில்லை. பாதிக் கரட்டிலேயே ஆள் தீர்ந்துவிட்டது. அப்போது ராசப்பனும் அவன் பெண்டாட்டி ராமாத்தாளும் அவர்கள் தெருவே திரண்டு வந்ததுபோல வந்து இடைவெளியில் நின்றார்கள். நம் தோட்டத்தில் தலைமுறையாக வேலை செய்தவர்கள். நம் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வரிசையில் ராமாத்தாளுக்கு அடுத்து நின்றது உன் அம்மா. ராமாத்தாள் குடத்தை நீட்டுகிறாள். எங்கள் அப்பா கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு நிமிஷம் கரட்டின் மேல் பறந்த பருந்துகூட இறக்கை அசைக்கவில்லை. அக்கா கை நீட்டி வாங்கிவிட்டாள்.

"என்னங்கப்பா பாக்கறீங்க? சாமிக்குத் தாகமுங்க" என்றாள்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சிலை முழுக்க அப்படி வந்த தண்ணீர்தான். அன்று நீ எங்கே இருந்தாய் தெரியுமா? குட்டை மேட்டு வேம்பில் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாய். நீ விட்ட குறட்டையில்தான் தூளி ஆடியது, வேறு யாரும் ஆட்டவில்லை.

கடைசியில் கண் திறக்கும் நாள். ஸ்தபதி உளியால் கண்ணைத் திறந்ததும் சாமியின் முதல் பார்வை கண்ணாடியில்தான் விழ வேண்டும். கண்ணாடியை மேலே சுமந்துவரும் மகத்தான பொறுப்பு எனக்கு. பாதி வழியில் கண்ணாடிக்குள் என் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு அழகனா என்று திகைத்ததில் கை நழுவிவிட்டது. மேலே ஸ்தபதி சாரத்தில் நின்று கத்துகிறார். நேரம் போகிறது. கீழே குனிந்து பார்த்தார். முந்தின வாரம் பெய்த மழையில் குட்டை தளும்பிக்கொண்டிருந்தது.

"அந்தக் குட்டை போதுமுங்க" என்றார். சாமி தன் முகத்தை முதலில் பார்த்தது அந்தத் தண்ணீரில்தான்.

அதனால்தான் குட்டை நிறைந்த நாட்களில் காலையில் சாமி கீழே இறங்கி வருகிறது. குடித்து வளர்ந்த தண்ணீர், முகம் பார்த்த கண்ணாடி. வராமல் இருக்குமா? ஆகவே என் யோசனை, நாம் மேலே ஏற வேண்டாம். குட்டை மேட்டிலேயே காது குத்திவிடலாம். படிகளுக்கும் வயதாகிவிட்டது, பாவம். என் பாரத்தை அவை தாங்குமா என்று கவலையாக இருக்கிறது.

மாமன்


வால்பாறை
8.10.2024

மாமாவுக்கு,

குட்டை மேட்டுக்குச் சாமி இறங்கி வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே வார்த்தை. எந்த நாளில் அதை என்னிடம் சொன்னீர்கள் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டதால், அம்மாவைப் பெருந்துறை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தோம். அன்று விடிந்ததிலிருந்து, "தம்பி வந்துட்டானா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டால் கண்ணைத் திறப்பாள். பல்லடத்திலிருந்து வர எவ்வளவு நேரமாகும் மாமா? ஊரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். உங்களைக் காணவில்லை. பிறகு அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு வந்தீர்கள். பிறந்த வீட்டுக் கோடித்துணி ஒரு கையில், வேப்பிலை போட்டு மூடிய பித்தளைச் செம்பு ஒரு கையில். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

"சாமி தண்ணி குடிக்க எறங்கி வர நேரமாயிருச்சு கண்ணு."

அத்தனை பேர் நடுவில், அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் நின்று அதைச் சொன்னீர்கள். உங்கள் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி வாசல்படியில் வைத்துவிட்டு, இனி உங்களோடு பேசமாட்டேன் என்றேன்.

அம்மாவையும் ராமாத்தாளையும் பற்றி எழுதியது நன்றாக இருந்தது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் உங்கள் கதைகளில் எது அப்படி, எது இப்படி என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?

என் மகளை ஒரு வேடிக்கைக்கு நடுவில் உட்கார வைக்க மாட்டேன்.

மோகனப்பிரியா


கரட்டுப்பாளையம்
21.10.2024

கண்ணு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் யாரிடமும் பொய் சொல்லவில்லை. ஊரில் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடலாமா என்று பேசிக்கொண்டார்களாம்.

என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. இந்த வாய் இருக்கிறதே, இதில் நிஜம் புகுந்தால்கூட வெளியே வரும்போது ஜரிகை கட்டிக்கொண்டுதான் வரும். அன்றும் அப்படித்தான் வந்தது. எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. இப்போதும் நான் விளக்கம் எழுதினால் நீ அதையும் மூன்றாம் காண்டம் என்று எடுத்து வைப்பாய். அது உன் தப்பில்லை. இத்தனை வருஷமாக நான் கட்டி எழுப்பிய பேர் அது.

ஆகையால் எதையும் விளக்கப்போவதில்லை. மழை நன்றாகப் பெய்திருக்கிறது. குட்டை நிறைந்துவிட்டது. காலையில் மூடுபனி விலகுவதற்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழும்புவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்கு வா. வந்து பார்த்துவிட்டு அப்புறம் திட்டு. எழுத்தில்தான் திட்டுவாய், தெரியும். தபால்தலை அனுப்பட்டுமா?

மாமன்


வால்பாறை
2.11.2024

மாமாவுக்கு,

யோசித்துப் பார்த்தேன். சித்தப்பா மகன் ரோஹன் கோயமுத்தூரிலிருந்து வருகிறான். அவனும் எனக்குத் தம்பி முறைதானே. அக்ஷயா அவன் மடியில் உட்காரட்டும். மேலே சிலையடியில்தான் குத்துகிறோம், அம்மா வேண்டியது அங்கேதான்.

நீங்கள் சிரமப்பட வேண்டாம்.

மோகனப்பிரியா


கரட்டுப்பாளையம்
9.11.2024

அம்மணி,

ரோஹன் நல்ல பையன். கம்ப்யூட்டர் வைத்துப் பழகிய மடி, குழந்தை வழுக்காமல் உட்காரும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மடிக்கென்று எடுத்து வைத்த பவானி ஜமக்காளத்தைத்தான் எப்படிச் சமாதானப்படுத்துவது என்று தெரியவில்லை.

ஒன்றே ஒன்று. கரட்டுக்குப் போகும் வழி குட்டை மேட்டைத் தாண்டித்தான் போகிறது. வண்டியை அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி மாப்பிள்ளையைக் கேட்டுக்கொள்கிறேன். நான் வேப்பமரத்தடியில் இருப்பேன். நீ இறங்கவும் வேண்டாம், பேசவும் வேண்டாம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொள். உன் அம்மா சொல்லித் தந்ததுதானே.

திருமலைசாமி


வால்பாறை
24.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அன்று உங்களோடு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வந்துவிட்டேன். அது பழைய கோபம் இல்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்திருக்கும். காது குத்துகிற வீட்டில் குழந்தை மட்டும்தான் அழ வேண்டும். அதனால்தான் வந்ததும் எழுதுகிறேன்.

நான் இறங்குவதாக இல்லை. இவர்தான் குட்டை மேட்டில் வண்டியை நிறுத்தினார். நான் ஜன்னல் வழியாக உங்களைத்தான் பார்த்தேன். மரத்தில் சாய்ந்து, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். முழங்கால் இப்படி ஆகிவிட்டது என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே மாமா. படிகளுக்கு வயதாகிவிட்டது என்றா எழுதுவீர்கள்?

அக்ஷயாதான் முதலில் பார்த்தாள். "அம்மா, சாமி தண்ணிக்குள்ள" என்றாள். நான் இறங்கி வந்தேன். பனி போயிருந்தது. தண்ணீரில் ஓர் அலைகூட இல்லை. சிலை முழுசாக, வேல், கிரீடம், காது எல்லாமாக உள்ளே நின்றது. தலைகீழாக விழுந்ததால் பாதம் எங்கேயோ அக்கரையில் இருந்தது. முகம்தான் எங்கள் காலுக்குப் பக்கத்தில். இத்தனை வருஷமாக அண்ணாந்து மோவாயை மட்டும் பார்த்த சாமியின் முகத்தை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

ரோஹன்தான், "அக்கா, மாமா மடியிலயே வெச்சரலாங்க" என்றான். உங்கள் ஜமக்காளம் ஏற்கனவே விரித்திருந்தது. நான் குழந்தையைத் தூக்கி உங்கள் மடியில் வைத்தேன். எங்களோடு வந்த ஆசாரி முதல் காதைக் குத்தியதும் அவள் வீறிட்டாள். நீங்கள் தண்ணீரைக் காட்டி, "சாமிக்கும் குத்தியிருக்குது பாரு கண்ணு, அது அழுகுதா?" என்றீர்கள். இரண்டாவது காதுக்கு அவள் சாமியையே பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்து உட்கார்ந்திருந்தாள். கடைசிக் கண்ணீரை நீங்கள் துடைப்பதற்குள் காற்று எழும்பி, சாமி கலைந்துபோயிற்று. அப்புறம் நாங்கள் மேலே போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். நீங்கள் கீழேயே இருந்தீர்கள்.

ஊருக்குத் திரும்பும்போது கொண்டையூசி வளைவுகளில் மனசில் இதெல்லாம்தான் ஓடிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து அந்தப் பித்தளைச் செம்பை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை எட்டிக்கூடப் பார்க்காமல் வாசல்படியில் வைத்தேன். வருகிறவர்கள் கைகால் கழுவ வைத்த தண்ணீர் என்று யாராவது எடுத்திருப்பார்கள். அதில் என்ன இருந்தது மாமா? அம்மா கேட்டாளா?

ஜரிகை இல்லாமல் சொல்லுங்கள்.

உங்கள்
பிரியா


கரட்டுப்பாளையம்
2.12.2024

அன்புள்ள கண்ணு பிரியா,

செங்கரட்டு முருகனின் காரியதரிசி முதலான பட்டங்களை இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எழுதுகிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா போன் செய்தாள். நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தாய். கடைசி மூன்று வருஷமாக அவளாலும் கரடு ஏற முடியவில்லை. இங்கே வரும்போதெல்லாம் குட்டை மேட்டில்தான் கொண்டுபோய் உட்கார வைப்பேன். "நான் மேல தண்ணி அனுப்புனேன், சாமி இப்பக் கீழ வந்து கணக்குத் தீக்குது" என்று சிரிப்பாள். அன்று போனில் குரல் ரொம்பக் கீழே இருந்தது.

"தம்பி, அந்தத் தண்ணி ஒரு மொடக்கு வேணும்டா. சாமி மொகம் உழுந்திருக்கறப்ப மோந்துட்டு வா."

விடிவதற்கு முன்பே போய் நின்றேன். அன்று பார்த்து மூடுபனி விலக வெகுநேரம் பிடித்தது. வெறும் தண்ணீரை மோந்துகொண்டு ஓடி வந்திருக்கலாம். அவளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்று அப்புறம் எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனால் அக்காவுக்குத் தெரிந்திருக்கும். பீடியைப் பார்த்தவள். முகம் விழுந்ததும் மோந்துகொண்டு கிளம்பினேன். அதற்குள் நேரமாகிவிட்டது.

செம்பைப் பற்றிக் கவலைப்படாதே. அந்நியர் யாரும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். நீ அதை வாசலில் வைத்துவிட்டுப் போனதும், நானும் அங்கே வந்து உட்கார்ந்து அதில் முகம் கழுவிக்கொண்டேன். உள்ளே அத்தனை ஜனம், உன் மாமன் அழுத முகத்தோடு எப்படித் திரும்பி வருவான்? கடைசியாக ஒரு கை மிச்சம் வைத்திருந்தேன். நீ பின்கட்டுக்குப் போன நேரத்தில் அக்காவின் உதட்டில் வைத்தேன்.

ஆகவே, யாகூபின் டிபன் கேரியர் பொய். தூங்கிய கோழிகள் பொய், அவை சும்மா கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தன. மோட்டார் பயந்ததும் பொய். கண்ணாடி விஷயத்தில் எது பொய் என்று எனக்கே மறந்துவிட்டது. ராமாத்தாள் இன்னும் இருக்கிறாள். அந்தக் குடத்தைப் பற்றி அடுத்த முறை வரும்போது நீயே கேட்டுக்கொள், என்னை நம்பாதே. அக்கா தண்ணீர் கேட்டாள், நான் சாமி இறங்கி வரும்வரை நின்றேன். அந்த இத்தனூண்டு மட்டும் நிஜம்.

ஊருக்குள் இதை யாரிடமும் சொல்லிவிடாதே. இத்தனை வருஷம் கட்டிக் காத்த என் பேர் கெட்டுப்போகும்.

மாமன்